டிசி நோட்டும் ஒரு கூகுள் ஃபார்மும்

திருப்பூரில் வரி ஆலோசகராக இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் பத்து, இருபது மிஷின் வைத்து பனியன் தைக்கிறவர்கள், அல்லது துணி வாங்கி வெட்டி வெளியே தைக்கக் கொடுத்து வாங்குகிறவர்கள். ஜிஎஸ்டி ரிட்டர்னுக்காக வந்து உட்காருவார்கள். பேச்சு ரிட்டர்னில் தொடங்கி, பீஸ் கணக்கில் போய் நிற்கும்.

15 வேலம்பாளையம் என்ற பகுதியில் சொந்த பிராண்டில் உள்ளூர் சரக்கு போடும் ஓர் அக்கா, ஒரு சனிக்கிழமை மாலை டிசி நோட்டோடு, அதாவது வெளியே போகும் சரக்கோடு அனுப்பும் டெலிவரி சலான் புத்தகத்தோடு வந்தார். சனிக்கிழமை என்றால் எங்கள் ஊரில் சம்பள நாள். அன்றைக்கு ஒரு முதலாளி கடையை விட்டுவிட்டு ஆலோசகரைப் பார்க்க வருகிறார் என்றால் விஷயம் பெரிது.

"சார், நாங்க 1,200 பீஸ் கொடுத்திருக்கோம். தைக்கிறவங்க 1,140தான் வந்துச்சுன்னு சொல்றாங்க. இந்த 60 பீஸ யாரு கணக்குலங்க சேர்க்கிறது?"

நோட்டைப் புரட்டினேன். போனதற்கு டிசி இருந்தது. திரும்பி வந்தது மூன்று தவணையாக வந்திருக்கிறது. அதில் ஒன்று டெம்போக்காரர் கொடுத்த துண்டுச்சீட்டில், இன்னொன்று வாட்ஸ்அப் போட்டோவில். மூன்றாவது, கட்டிங் மாஸ்டரின் ஞாபகத்தில். தைத்துக் கொடுத்த அம்மா நான்கு மிஷின் வைத்திருப்பவர். 60 பீஸுக்குப் பிடித்தம் செய்தால் அந்த வாரக் கூலியில் பெரும் பகுதி போய்விடும். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இருவரும் ஒப்புக்கொள்ளும்படி எழுதி வைத்த கணக்கு ஒன்று இல்லை, அவ்வளவுதான்.

நான் இதை எழுதுவதே இந்த மாதிரி சண்டைகளைப் பார்த்துத்தான். சிறு தொழிலில் ஆட்டோமேஷன் என்றதும் பலருக்கு லட்சக்கணக்கில் ஒரு சாஃப்ட்வேர், அதை எழுத ஒரு கம்பெனி, மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் என்று தோன்றுகிறது. அதனால் தள்ளிப்போடுகிறார்கள். ஆனால் அந்த அக்காவுக்குத் தேவைப்பட்டது ஞாபகம் வைத்துக்கொள்ளும் ஒரு பொருள். அதை வேலை தெரிந்தவரே இரண்டு நாளில் செய்துகொள்ளலாம். புரோகிராம் எழுதத் தெரிய வேண்டியதில்லை.

முதல் நாள் நாங்கள் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. ஒரு காகிதத்தில் ஒரு பண்டில் எங்கெங்கே போகிறது என்று வரைந்தோம். கட்டிங், பிரிண்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். ஒவ்வொரு இடத்திலும் யார் எண்ணுகிறார், யார் எழுதுகிறார் என்று கேட்டேன். பிரிண்டிங்கிலிருந்து வருவதை யாருமே எண்ணுவதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அதை நேராகத் தையலுக்கு அனுப்பிவிட்டு, பிரிண்டிங்குக்குப் போன எண்ணிக்கையையே தையல் டிசியிலும் போட்டிருக்கிறார்கள். 60 பீஸில் எத்தனை அங்கே போனதோ. இதை எந்த சாஃப்ட்வேரும் கண்டுபிடித்திருக்காது. எண்ணாததை எண்ணாமலேயே வேகமாகப் பதிவு செய்து கொடுத்திருக்கும்.

அப்புறம் இரண்டு கூகுள் ஃபார்ம், அதாவது போனிலேயே நிரப்பும் படிவம், போட்டோம். ஒன்று சரக்கு போகும்போது: டிசி எண், தேதி, யாருக்கு, எந்த ஸ்டைல், சைஸ் வாரியாக எத்தனை பீஸ், எப்போது திரும்ப வேண்டும். இன்னொன்று வரும்போது: நம்முடைய எந்த டிசிக்கு எதிராக வந்தது, நல்ல பீஸ் எத்தனை, டேமேஜ் எத்தனை. ஜாப் ஒர்க், அதாவது நம் சரக்கில் கூலிக்கு வேலை செய்து தருபவர்களின் பெயரை டைப் அடிக்க விடவில்லை, பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி வைத்தோம். டைப் அடிக்க விட்டால் ஒரே ஆள் மூன்று விதமாக எழுதப்பட்டு மூன்று பேர் ஆகிவிடுவார், கூட்டல் எங்குமே சரியாக வராது. ஃபார்மின் க்யூஆர் கோடை அச்சடித்து கட்டிங் டேபிள் பக்கத்துச் சுவரில் ஒட்டினோம். மாஸ்டர் போனில் ஸ்கேன் செய்து அரை நிமிடத்தில் போட்டுவிடுகிறார்.

ஃபார்மில் போடுவதெல்லாம் கூகுள் ஷீட் என்ற கணக்குத் தாளில் வரிசையாகப் போய் விழும். இங்கே ஒரு விஷயத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். பதில்கள் வந்து விழும் அந்தப் பக்கத்திலேயே ஓரமாக ஃபார்முலா போடுவார்கள். புதுப் பதில் வரும்போது புது வரி சேரும், அந்த வரியில் ஃபார்முலா இருக்காது. ஆகவே அந்தப் பக்கத்தைத் தொடாமல், பக்கத்தில் இன்னொரு தாளைத் திறந்து, அங்கே டிசி எண்களை வரிசையாக வைத்து சம்இஃப்ஸ் (SUMIFS) என்ற, பொருந்தும் வரிகளை மட்டும் கூட்டும் ஃபார்முலாவால் போனது, வந்தது, டேமேஜ், மீதி என்று எடுக்க வேண்டும். கெடு தேதி தாண்டி மீதி இருந்தால் அந்த வரி தானாகச் சிவப்பாகும்படி வைக்கலாம், அதற்கு ஃபார்மேட் மெனுவிலேயே வசதி இருக்கிறது.

தேதி விஷயத்தில் இன்னொரு கண்ணி. புது ஷீட் பல சமயம் அமெரிக்க முறையில் திறக்கும். நாம் ஏப்ரல் 5 என்று நினைத்து 5/4 போட்டால் அது மே 4 என்று எடுத்துக்கொள்ளும், எந்த எச்சரிக்கையும் வராது. செட்டிங்ஸில் லொக்கேல் என்ற இடத்தில் இந்தியா என்று மாற்றிவிட்டுத்தான் பழைய நோட்டுக் கணக்கை ஏற்ற வேண்டும். பக்கத்திலேயே நேர மண்டலமும் இருக்கும், அதையும் இந்தியாவாக்கிவிடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஷீட்டின் கடைசி நெடுவரிசைதான். ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு வாட்ஸ்அப் லிங்க் இருக்கிறது. அதை ஷீட்டே செய்துகொள்கிறது. தட்டினால் அந்த ஜாப் ஒர்க்கரின் பெயரில் வாட்ஸ்அப் திறந்து, "டிசி 118: போனது 600, வந்தது 450, டேமேஜ் 4, மீதி 146" என்று செய்தி தயாராக நிற்கும். அனுப்பும் பொத்தானை மனிதர்தான் அழுத்த வேண்டும். வேண்டுமென்றேதான் அப்படி வைத்தோம். அந்த வீட்டில் ஒரு துக்கம் நடந்திருக்கலாம், மிஷின் பழுதாகிக் கிடக்கலாம். எப்போது கேட்பது, எப்படிக் கேட்பது என்பதை ஷீட்டிடம் கொடுக்கக் கூடாது. ஞாபகம் வைப்பதை அதனிடம் கொடுங்கள், முடிவெடுப்பதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் செய்தி இரண்டு பக்கமும் போவதால் தைப்பவருக்கும் எழுத்தில் ஒரு சாட்சி கிடைக்கிறது. நான்கு மிஷின் அம்மா இப்போது சரக்கு வாங்கும்போதே எண்ணி, "சரி" என்று பதில் போடுகிறார். குறைந்தால் அன்றைக்கே சொல்கிறார்.

சட்டப்படியும் இந்தக் கணக்குக்கு வேலை இருக்கிறது. துணியை வரி கட்டாமல் ஜாப் ஒர்க்குக்கு அனுப்பினால் ஒரு வருடத்துக்குள் திரும்பி வர வேண்டும், அல்லது அங்கிருந்தே விற்பனையாக வேண்டும். இல்லையென்றால் ஜிஎஸ்டி சட்டத்தின் 143ஆவது பிரிவு, அனுப்பிய நாளிலேயே அதை விற்றதாக எடுத்துக்கொள்ளும். வருடத்துக்கு 5 கோடி வரை விற்றுமுதல் உள்ளவர்கள் இந்த வரவு போக்கை ஐடிசி-04 படிவத்தில் வருடம் ஒருமுறை, ஏப்ரல் 25க்குள் தர வேண்டும். முன்பெல்லாம் ஏப்ரல் வந்தால் ஒரு மூட்டை டிசி நோட்டு என் மேசைக்கு வரும். அக்கா இப்போது ஷீட்டை ஷேர் செய்கிறார்.

ஒன்றை மட்டும் தவறாகப் புரிந்துகொள்ளாதீர்கள். ஃபார்ம் வந்துவிட்டது என்று டிசி புத்தகத்தை நிறுத்தக் கூடாது. வண்டியோடு டிசி போக வேண்டும், மூன்று பிரதி வேண்டும், வரிசை எண் விடுபடக் கூடாது. ஃபார்ம் அதற்கு மேல் வைக்கும் இரண்டாவது கண். கரண்ட் போன அன்றைக்கும் நெட் இல்லாத அன்றைக்கும் புத்தகம்தான் கை கொடுக்கும்.

இதே முறையில் வசூலையும் பார்த்துக்கொள்ளலாம். பில் தேதி, பார்ட்டி, தொகை, எத்தனை நாள் ஆயிற்று. உத்யம் என்ற அரசுப் பதிவு செய்த குறு, சிறு உற்பத்தியாளருக்கும் ஜாப் ஒர்க்கருக்கும், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகாமல் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டம் சொல்கிறது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். 45 நாள் கெடு உள்ள பில்லுக்கு 30 நாளில் மஞ்சள், 40 நாளில் சிவப்பு என்று வைத்துக்கொண்டால், கெடு முடிவதற்குள் மரியாதையாக ஒரு போன் போட முடியும். 90 நாள் கழித்து ஞாபகம் வந்து கேட்பதைவிட அது இரண்டு பேருக்கும் நல்லது.

இதற்கும் மேலே போக வேண்டுமென்றால் ஆப்ஷீட், ஸோகோ கிரியேட்டர், ஸேப்பியர், பவர் ஆட்டோமேட் என்று, புரோகிராம் எழுதாமலே செயலி செய்யவும் வேலைகளைத் தானாக நடக்க வைக்கவும் வழிகள் இருக்கின்றன. சாட்ஜிபிடியிடமோ ஜெமினியிடமோ தமிழிலேயே கேட்டு, தினமும் காலையில் நிலுவைப் பட்டியலை மெயிலில் அனுப்பும் சின்ன ஸ்கிரிப்டும் வாங்கிக்கொள்ளலாம். வாங்கியதை முதலில் உங்கள் சொந்த மெயிலுக்கு மட்டும் அனுப்பி ஒரு வாரம் பாருங்கள். அந்த வாரம் முழுக்க நோட்டுக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் இவை எதையும் முதல் மாதத்தில் தொட வேண்டாம் என்பதே என் யோசனை. கூகுள் காலண்டரில் தினமும் ஒன்பதரைக்கு ஒரு நினைவூட்டல், அதில் ஷீட்டின் லிங்க், அதுவே போதும்.

இப்போது பயப்பட வேண்டிய விஷயங்களுக்கு வருகிறேன், இவை நடந்ததைப் பார்த்தவன் என்பதால்.

ஒரு யூனிட்டில் எல்லா ஷீட்டும் ஒரு பையனின் சொந்த ஜிமெயிலில் இருந்தது. நல்ல பையன், ஆர்வத்தோடு எல்லாவற்றையும் அவனே போட்டிருந்தான். வேறு ஊரில் வேலை கிடைத்துப் போனான். புதுப் போன் வாங்கிப் பழைய நம்பரை விட்டுவிட்டான். அந்தக் கணக்குக்குள் நுழைய ஓடிபி எந்த நம்பருக்குப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். கணக்கை மீட்கப் பல நாள் ஆயிற்று. நிறுவனத்தின் பெயரில் தனி மெயில், முதலாளியின் கையில் இருக்கும் நம்பர், மீட்புக்கு இன்னொரு நம்பர், இவை தயாரான பிறகுதான் முதல் ஃபார்மே போட வேண்டும்.

இன்னொரு இடத்தில் சம்பள ஷீட்டை, லிங்க் இருக்கிற யாரும் திருத்தலாம் என்று வைத்து, லிங்கை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். யாருக்கு என்ன கூலி, யார் எவ்வளவு முன்பணம் வாங்கியிருக்கிறார் என்பதெல்லாம் எல்லோர் கண்ணுக்கும் போயிற்று. அட்வான்ஸ் வாங்கிய ஒரு பெண் அடுத்த வாரம் வேலைக்கு வரவில்லை. ஃபார்ம் லிங்கை மட்டும் கொடுங்கள், ஷீட்டை யார் பார்க்க வேண்டுமோ அவர் மெயிலுக்கு மட்டும் திறங்கள்.

மூன்றாவது, ஒரே தட்டில் ஆயிரம் பேருக்கு வாட்ஸ்அப் அனுப்பும் என்று விற்கப்படும் அங்கீகாரம் இல்லாத மென்பொருள்கள். வாட்ஸ்அப்பின் விதிகள் இதை அனுமதிப்பதில்லை, நம்பர் முடக்கப்படும். பில் புக்கிலும் போர்டிலும் பத்து வருடமாக இருக்கிற நம்பர் ஒரே நாளில் போனால் பார்ட்டிகள் எங்கே வந்து கேட்பார்கள்?

அந்த 60 பீஸ் என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே. பிரிண்டிங் யூனிட்டுக்குப் போய்த் தேடியதில் 38 பீஸ் ஒரு மூலையில் கட்டு அவிழ்க்காமல் இருந்தது. மீதி 22ஐ அக்கா தன் கணக்கிலேயே எழுதிக்கொண்டார். "நாங்க எண்ணாம கொடுத்தது, அவங்க கூலில எப்படிங்க கை வைக்கிறது" என்றார். அன்றைக்கு இரவே பிரிண்டிங்குக்கென்று மூன்றாவது ஃபார்ம் போடச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன்.