ஈவென்ட் ஸ்கோர்: நிகழ்த்துகுறிப்பு

செய்ய வேண்டிய ஒரு சிறு செயலைச் சில சொற்களில் எழுதிவைத்து, அந்தக் குறிப்பையே கலைப்படைப்பாக முன்வைப்பதை ஆங்கிலத்தில் ‘ஈவென்ட் ஸ்கோர்’ என்பார்கள். ஸ்கோர் என்றதும் கிரிக்கெட் நினைவுக்கு வந்தால் தவறில்லை. சொல்லின் வேரும் எண்ணிக்கையில்தான் இருக்கிறது. பழைய நார்ஸ் மொழியில் அதன் மூலச்சொல்லுக்கு வெட்டுத்தடம் என்று பொருள். கணக்கு வைக்கக் கோலில் போட்ட கீறல், இருபது என்ற எண்ணுக்கும் பிறகு ஆட்டப் புள்ளிகளுக்கும் பெயரானது. மேற்கத்திய இசையில் பல கருவிகளுக்கான வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, அவற்றை இணைக்க மேலிருந்து கீழாக ஒரு கோடு கிழிப்பார்கள். அந்தக் கோட்டிலிருந்துதான் இசைக்குறிப்புத் தாளுக்கும் இந்தப் பெயர் வந்தது என்பார்கள்.

இசையிலிருந்து ஓவியர்களிடம் சொல் தாவியதற்கு அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் ஒரு முக்கியக் காரணம். 1952இல் கலைஞர் எதையுமே வாசிக்காமல் இருக்க வேண்டிய இசைப்படைப்பை எழுதியவர் அவர். 1950களின் இறுதியில் நியூயார்க்கில் அவரிடம் பயின்ற கலைஞர் ஜார்ஜ் பிரெக்ட், பாத்திரத்தில் தண்ணீர் சொட்டுவதையே ஒரு படைப்பாகக் குறித்துவைத்தார். இத்தகைய சிறு செயல்களை ‘ஈவென்ட்’ என்று அழைத்தார். அவற்றுக்கான குறிப்பு, ஈவென்ட் ஸ்கோர்.

இதைப் புத்தகமாக்கிப் பரவலாக்கியவர் ஜப்பானியக் கலைஞர் யோகோ ஓனோ. 1962இல் டோக்கியோவில், ஓவியம் தொங்க வேண்டிய சுவரில் ஓவியத்துக்கான குறிப்புகளை மட்டும் மாட்டினார். அவற்றைத் தன் கையால் எழுதாமல், அன்றைய கணவரும் இசையமைப்பாளருமான தோஷி இச்சியானகியை எழுத வைத்தார். தன் கையெழுத்தே படமாகிவிடக் கூடாது என்ற பிடிவாதம்! 1964இல் இத்தகைய குறிப்புகளைத் தொகுத்த அவரது ‘கிரேப்ஃப்ரூட்’ நூல் 500 பிரதிகளாக வெளிவந்தது. 2013இல் வந்த ‘ஏக்கார்ன்’ நூலில் புள்ளிகளால் ஆன கோட்டோவியங்களும் சேர்ந்துகொண்டன.

அவர் 1955 என்று ஆண்டிட்ட ஒரு குறிப்பு தீக்குச்சியைப் பற்றியது. உரசிப் பற்றவைத்து, அணையும்வரை பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இருட்டிலா வெளிச்சத்திலா, சுடர் விரலைத் தொடும்வரை பிடித்திருப்பதா, தட்டில் போட்டுவிடுவதா என்பதெல்லாம் அதில் இல்லை. மேடையில் ஒருவர் செய்யலாம், வீட்டில் நாமே செய்யலாம், மனத்துக்குள் உரசிப் பார்த்தாலும் குறை இல்லை. நிலவைத் திருடு என்பதுபோல் செய்யவே முடியாததைக் கேட்கும் குறிப்புகளும் இந்த வகையில் உண்டு. அவற்றுக்கு மனம் ஒன்றுதான் மேடை.

இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்? ‘அறிவுறுத்தல்’ என்றால் சுற்றறிக்கை வாடை அடிக்கிறது. ‘கட்டளை’யில் மீறினால் தண்டனை உண்டு என்ற மிரட்டல் ஒளிந்திருக்கிறது. வடிவத்தை மட்டும் பார்த்தால் ஆத்திசூடி நினைவுக்கு வரும். ஒற்றை வரி, ஏவும் வினை. ஆனால் ஔவை நல்வழி சொல்கிறாள். தீக்குச்சிக் குறிப்பு யாரையும் திருத்த வரவில்லை. ‘நிகழ்வுக் குறிப்பு’ பரவாயில்லை. ஆனால் அது நடந்து முடிந்த கூட்டத்தைப் பற்றி யாரோ எழுதிவைத்த அறிக்கை போலவும் ஒலிக்கிறது. இங்கே குறிப்பு முதலில், செயல் பிறகு.

எனவே ‘நிகழ்த்துகுறிப்பு’ என்பதே என் தேர்வு. ‘நிகழ்த்துகலை’ ஏற்கெனவே வழக்கில் இருப்பதால் காதுக்குப் புதிதில்லை. மேலும் இது வினைத்தொகை. நிகழ்த்திய குறிப்பு, நிகழ்த்துகின்ற குறிப்பு, நிகழ்த்தும் குறிப்பு என முக்காலத்துக்கும் விரியும். நேற்று ஒருவர் செய்ததும் இனி ஒருவர் செய்யப்போவதும் ஒரே தாளில் அடங்கும் இந்தக் கலைக்கு, காலத்தை மறைத்துவைக்கும் சொல்லே பொருத்தம்.

குறிப்புகளை மொழிபெயர்ப்பவர்களுக்கு ஒன்று. ‘உரசவும்’, ‘பார்க்கவும்’ என்று முடித்தால் விண்ணப்பப் படிவம் ஆகிவிடும். ‘உரசுக’, ‘காண்க’ என்ற வியங்கோள் நன்றாக வரும். அது எந்த இடத்துக்கும் எந்தப் பாலுக்கும் பொது என்கிறது நன்னூல். ஒருமையிலேயே ‘உரசு’, ‘பார்’ என்று நெருக்கமாகவும் சொல்லலாம். ஒரே நூலுக்குள் இரண்டையும் கலக்காமல் இருந்தால் சரி.