காசு கட்டி இறக்கிய பாட்டு ஏன் பாடாமல் போகிறது?

மாதக் கட்டணம் கட்டிப் பாட்டுக் கேட்கும் செயலிகளில், பாட்டை இறக்கி வைத்தால் டேட்டா இல்லாமலும் கேட்கலாம். சரி, அதே பாட்டை மெமரி கார்டில் எடுத்து உழவு இயந்திரத்துச் செற்றில் போட்டால்? பாடாது.

இறங்கி வருவது வெறும் பாட்டுக் கோப்பு இல்லை. சேவைக்காரர்கள் அதை ஒரு நீண்ட இரகசிய எண்ணால் கலைத்துப் பூட்டித்தான் அனுப்புகிறார்கள். அந்த எண்தான் சாவி. அது இல்லாதவருக்கு அந்தக் கோப்பு அர்த்தமில்லாத எண்களின் குவியல். சாவி தனியாக ஓர் உரிமத்தோடு வந்து செயலிக்குள் ஒளிந்திருக்கும். பிளே பொத்தானைத் தொட்டதும் செயலி உரிமத்தைப் பார்க்கும், கொஞ்சம் கொஞ்சமாகப் பூட்டைத் திறந்து ஒலியாக்கும். திறந்த பாட்டை எங்கேயும் சேமித்து வைக்காது.

உரிமத்தில் காலாவதித் திகதியும் உண்டு. ஸ்பொட்டிஃபை என்ற பாட்டுச் செயலியில் 30 நாளுக்கு ஒரு தடவையாவது இணையத்தோடு இணைய வேண்டும். நீங்கள் இன்னும் கட்டணம் கட்டுகிறீர்களா என்று செயலி அப்போதுதான் சேவையகத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும். ஒரு கணக்கில் 5 கருவிகள், ஒவ்வொன்றிலும் 10,000 பாட்டு என்ற எல்லையும் இருக்கிறது. குத்தகைக்கு எடுத்த வயல் மாதிரித்தான்: விதைக்கலாம், வெட்டலாம், காணி உங்களுடையது ஆகாது.

ஒட்டுசுட்டான் பக்கம் காட்டோர வயலில் யானைக் காவலுக்குப் போகும் ஒரு அண்ணை தன் போனைக் காட்டினார். பட்டியல் அப்படியே இருந்தது. பாட்டுப் பெயர்கள் மட்டும் சாம்பல் நிறமாகிக் கிடந்தன, தொட்டால் அசையவில்லை. "காசு கட்டித்தானே தம்பி இறக்கினனான்?" என்று கேட்டார். கட்டினது உண்மைதான். காவல் கொட்டிலடியில் டேட்டா கிடைக்காது. வீட்டில் ரீலோட் போடுவதும் கதைக்க மட்டுந்தான். உரிமம் புதுப்பிக்கப்படாமலே முடிந்துவிட்டது. கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ போகிற நாளில் வைஃபை உள்ள இடத்தில் செயலியைத் திறந்து கொஞ்ச நேரம் விட்டிருந்தால் போதும், சாவி புதிதாகியிருக்கும்.

கட்டணத்தோடு டேட்டாக் காசையும் கூட்டிப் பார்க்க வேண்டும். நொடிக்கு 320 கிலோபிற் தரத்தில் ஒரு மணிநேரம் நேரடியாகக் கேட்டால் 144 மெகாபைற் போகும். 96 கிலோபிற் என்றால் ஏறத்தாழ 43தான். போனின் சின்ன ஸ்பீக்கரில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது, ஆகவே தரத்தைக் குறைத்து வைப்பதில் நட்டமில்லை. டொலரில் விலை போடும் சேவை என்றால் இன்னொரு அடியும் உண்டு. 2022இல் இலங்கையில் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது, அதே பாட்டுக்கு இங்கே ஏறக்குறைய இரண்டு மடங்கு காசு.

விலைக்கு விற்ற பாட்டுக்கும் ஒரு காலத்தில் பூட்டு இருந்தது. அப்பிள் 2003இல் ஐடியூன்ஸ் என்ற இணையப் பாட்டுக் கடையைத் திறந்து பாட்டொன்றை 99 அமெரிக்கச் சதத்துக்கு விற்றபோது பூட்டோடுதான் கொடுத்தது. 2009இல் அதை எடுத்துவிட்டார்கள். வாடகைக்குக் கொடுப்பவர் பூட்டுப் போடுவதில் எனக்குக் குறையில்லை. பூட்டில்லாவிட்டால் ஒரு மாதக் காசைக் கட்டி ஆயிரக்கணக்கான பாட்டை அள்ளிக்கொண்டு போய்விடலாம், பாடினவருக்கு ஒன்றும் மிஞ்சாது. ஆனால் அந்த 30 நாள், எந்நேரமும் சிக்னல் இருக்கும் ஊரை நினைத்து வைத்த கணக்கு. உரிமத்தில் அது வெறும் ஓர் எண். 60 என்றோ 90 என்றோ மாற்றுவதற்குப் புதுத் தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. அதைக் கேட்கிற உரிமை காசு கட்டுகிற நமக்கு இருக்கிறது.

அதுவரை, ஆயுளுக்கும் வேண்டும் என்று நினைக்கிற பாட்டுகளை விலைக்கே வாங்கி வைப்பது நல்லது. பாண்ட்காம்ப் போன்ற தளங்களில் எம்பி3 கோப்பாகப் பூட்டில்லாமல் தருகிறார்கள். அது உழவு இயந்திரத்துச் செற்றிலும் பாடும்.