நானூறு எங்கே போனது?

1941 செப்டம்பர் 28. அமெரிக்க பேஸ்பால் சீசனின் கடைசி நாள். ஃபிலடெல்ஃபியாவில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்கு அன்று அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்கள். அந்த அணியின் டெட் வில்லியம்ஸுக்கு வயது 23. காலையில் அவருடைய பேட்டிங் சராசரி .39955. மூன்று தசமத்துக்குச் சுருக்கினால் .400. ஆடாமல் உட்கார்ந்திருந்தாலே ஏட்டில் நானூறு பதிவாகிவிடும். வேண்டுமானால் உட்கார்ந்துகொள் என்று மேலாளர் ஜோ க்ரோனினும் சொல்லிப் பார்த்தார். வில்லியம்ஸ் கேட்கவில்லை. இரண்டு ஆட்டத்திலும் இறங்கி, 8 முறை மட்டை பிடித்து 6 ஹிட் அடித்தார். முடிவில் .406.

கிரிக்கெட் சராசரியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கே ரன் கணக்கில்லை. மட்டை பிடித்த வாய்ப்புகளில் எத்தனை முறை பந்தை அடித்து, அவுட் ஆகாமல் பேஸை, அதாவது ஓடிச் சேர வேண்டிய இடத்தைச் சேர்ந்தார் என்பதுதான் கணக்கு. அதுதான் ஹிட். (பந்து வீசுபவரான பிட்சர் சரியாக வீசாமல் இலவசமாக பேஸ் கிடைத்தால் அது இதில் சேராது.) பத்துக்கு மூன்று, அதாவது .300 வந்தாலே நல்ல பேட்டர். பேச்சில் புள்ளியை விழுங்கிவிட்டு முந்நூறு, நானூறு என்பார்கள்.

வில்லியம்ஸுக்குப் பிறகு, மேஜர் லீகின் இரு பிரிவுகளான அமெரிக்கன் லீகிலும் சரி, நேஷனல் லீகிலும் சரி, யாரும் நானூறைத் தொடவில்லை. 1980-இல் ஜார்ஜ் பிரெட் .390 வரை வந்தார். அதற்கு முன்போ, டை காப் என்ற பேட்டர் மட்டும் மூன்று முறை தாண்டியிருக்கிறார். ரோஜர்ஸ் ஹார்ன்ஸ்பியும் மூன்று முறை. இதைப் பார்த்தால் பழைய ரசிகர்களுக்கு வேறென்ன தோன்றும்? அவர்களெல்லாம் மலை, இப்போது இருப்பவர்கள் மடு. பந்தை வேலிக்கு அப்பால் பறக்கவிடும் ஹோம் ரன் ஆசையில் கண்ணை மூடிக்கொண்டு மட்டையைச் சுழற்றுகிறார்கள், பொறுமை போய்விட்டது, சம்பளம் கூடிவிட்டது, இத்யாதி.

இந்தப் புலம்பலைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டவர் ஸ்டீஃபன் ஜே கூல்ட். ஹார்வர்டில் புதைபடிவங்களை ஆராய்ந்தவர், பரிணாம அறிவியலாளர், விடாப்பிடியான பேஸ்பால் ரசிகர். நானூறு மறைந்ததற்குக் காரணம் ஆட்டம் கெட்டுப்போனது அல்ல, ஆட்டம் மேம்பட்டதுதான் என்றார். கேட்டவுடன் ஏதோ வக்கீல் வாதம் போலத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஒரு வகுப்பை எடுத்துக்கொள்வோம். 40 மாணவர்கள், சராசரி மதிப்பெண் 60. பாதிப் பேர் புத்தகத்தையே திறக்காதவர்கள். முதல் மாணவன் 98 வாங்குகிறான், கடைசி மாணவன் 15. அடுத்த சில ஆண்டுகளில் எல்லோரும் விழுந்து விழுந்து படிக்க ஆரம்பிக்கிறார்கள். எல்லோரும் 80 வாங்கினால் பரீட்சைக்கு என்ன மரியாதை என்று வாத்தியார் கேள்வித்தாளைக் கடினமாக்கிக்கொண்டே போகிறார். சராசரி மறுபடியும் 60-க்கு வந்து நிற்கிறது. ஆனால் இப்போது கடைசி மாணவன் 45, முதல் மாணவன் 78. பழைய 98-ஐவிட இந்த 78 மட்டமா? ஏட்டை மட்டும் பார்ப்பவர் அப்படித்தான் சொல்வார்.

பேஸ்பாலில் நடந்தது கிட்டத்தட்ட இதுதான். லீகின் மொத்த பேட்டிங் சராசரி நீண்ட காலமாகவே .260-ஐ ஒட்டித்தான் ஊசலாடி வந்திருக்கிறது. குறைந்துகொண்டே வந்தது சராசரியைச் சுற்றியுள்ள சிதறல். புள்ளியியலில் இதைத் திட்ட விலக்கம் என்ற அளவால் சொல்வார்கள். 1910-களில் சராசரி .266, திட்ட விலக்கம் .0371. 1940-களில் .267, .0326. 1970-களில் .261, .0317. டை காப் 1911-இல் அடித்த .420-ஐ அவர் காலத்துக் கூட்டத்தோடு வைத்துப் பார்த்தால், சராசரிக்கு மேலே 4.15 விலக்கத் தொலைவில் நிற்கிறார். வில்லியம்ஸ் 4.26. நானூறைத் தொடாத பிரெட்டை 1970-களின் கணக்கோடு ஒப்பிட்டால் 4.07. மூவரும் ஏறக்குறைய ஒரே உயரம். அவரவர் நின்ற தரைதான் வேறு.

தரை ஏன் சமமானது? டை காப் காலத்தில் கையுறைகள் சின்னவை, பந்து பிடிப்பதே பாடு. ஆட்டத்தைத் தொடங்கிய பிட்சரே பெரும்பாலும் அதை முடித்தும் வைப்பார். சை யங் தன் வாழ்நாளில் 749 ஆட்டங்களை அப்படி முழுமையாக வீசியிருக்கிறார்; இன்றைக்கு நினைத்தே பார்க்க முடியாது. களைத்துப்போன ஒரே கையை நான்காவது முறை எதிர்கொள்ளும் பேட்டருக்கு எவ்வளவு வசதி! இன்று ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில், ஏழாவது இன்னிங்ஸில் புதிதாக ஒருவர் வந்து மணிக்கு 98 மைல் வேகத்தில் வீசுகிறார்.

சரி, கேள்வித்தாளை மாற்றும் வாத்தியார் யார்? விதிகளை எழுதுபவர்கள்தான். 1968-இல் பிட்சர்களின் கை ஒரேயடியாக ஓங்கியது. அமெரிக்கன் லீகின் மொத்த சராசரியே .230. அந்த ஆண்டு பேட்டிங் பட்டம் வென்ற கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி அடித்தது வெறும் .301. அடுத்த ஆண்டே பிட்சர் நிற்கும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகத் தாழ்த்தினார்கள், பந்து செல்லுபடியாகும் எல்லையையும் சுருக்கினார்கள். சராசரி மேலேறியது.

அந்த .301 பரிதாபமாகத் தெரிகிறதா? பக்கத்தில் 1930-ஐ வைத்துப் பாருங்கள். நேஷனல் லீகில் கடைசியாக நானூறைத் தாண்டிய பில் டெர்ரியின் ஆண்டு அது, .401. ஆனால் அந்த ஆண்டு நேஷனல் லீக் முழுவதற்குமான சராசரியே .303! யஸ்ட்ரெம்ஸ்கி பட்டம் வென்ற எண்ணைவிட அது அதிகம். தன் லீகின் சராசரியைப் போல டெர்ரி 1.32 மடங்கு அடித்தார், யஸ்ட்ரெம்ஸ்கி 1.31 மடங்கு. ஒருவர் எண் காவியமாகிவிட்டது, மற்றவர் எண் கேலிக்கு ஆளானது.

இன்னொரு தந்திரம் நம் நினைவு செய்வது. சிதறல் சுருங்கும்போது உச்சம் மட்டும் இறங்குவதில்லை, அடியும் மேலே வருகிறது. 1911-இல் தடவித் தடவி ஆடிய பேட்டர்களைப் பற்றி யாராவது கதை சொல்லிக் கேட்டிருக்கிறோமா? அந்தக் காலத்திலிருந்து நமக்கு வந்து சேர்வது டை காப் மட்டும்தான். இந்தக் காலத்திலிருந்தோ, நேற்றிரவு மூன்று முறை ஏமாந்து அவுட் ஆனவரும் வந்து நிற்கிறார். போதாக்குறைக்கு, பத்து வயது முதல் முப்பது வரையிலான நினைவுகள் மற்றவற்றைவிட அடர்த்தியாகத் தங்கும் என்று உளவியலாளர்கள் பலமுறை கண்டிருக்கிறார்கள். பன்னிரண்டு வயதில் வானொலியில் கேட்ட ஆட்டத்தோடு எந்த ஆட்டம் போட்டி போட முடியும்?

அப்புறம், அந்தப் பரீட்சையை எழுதவே அனுமதிக்கப்படாதவர்கள். 1947-இல் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணிக்கு ஆட வரும்வரை கறுப்பின வீரர்களுக்கு இந்த லீகுகளின் கதவு மூடியே இருந்தது. அவர்கள் தங்களுக்கெனத் தனியாக இருந்த நீக்ரோ லீகுகளில் ஆடினார்கள். அந்த எண்களை மேஜர் லீக் தன் ஏட்டில் சேர்த்துக்கொண்டது 2024-இல்தான். சேர்த்ததும் வாழ்நாள் சராசரியில் டை காப் இரண்டாம் இடத்துக்கு இறங்கினார்; .372 உடன் ஜாஷ் கிப்சன் முதலிடம். 1943-இல் கிப்சன் அடித்த .466-உம் ஏட்டில் ஏறியது. ‘நானூறு அடித்த கடைசி ஆள் வில்லியம்ஸ்’ என்ற வாக்கியத்துக்கே இப்போது அடிக்குறிப்பு தேவைப்படுகிறது.

ஒப்பீடு எப்போதும் பழையவர்களுக்கே சாதகமாக இருக்கும் என்றும் இல்லை. 1974-இல் நோலன் ரையனின் வீச்சை ரேடாரில் அளந்தபோது மணிக்கு 100.9 மைல். 2010-இல் அரோல்டிஸ் சாப்மன் 105.8. ஆனால் ரையனின் பந்தை அளந்தது பேட்டரை நெருங்கிய இடத்தில். இன்றைய கருவிகள் அளப்பது கையைவிட்டுக் கிளம்பியவுடன். வழியில் காற்று பந்தின் வேகத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகிறது. அதைச் சேர்த்துக் கணக்கிட்டால் ரையன் 108 மைல் பக்கம் வருகிறார்.

1994 ஆகஸ்டில் சான் டியாகோவின் டோனி குவின் 419 வாய்ப்புகளில் 165 ஹிட்டோடு, .394-இல் நின்றுகொண்டிருந்தார். இன்னும் மூன்றே மூன்று ஹிட் கூடியிருந்தால் நானூறு. சீசனில் 45 ஆட்டங்கள் பாக்கி. ஆகஸ்ட் 12-ஆம் தேதி வீரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அந்த ஆண்டு ஆட்டம் அதோடு முடிந்தது.