இரும்பில்லாத 'இரும்புமின்'

"உயர் அதிர்வெண் மின்புலத்தில் இரும்புமின் நானோகம்பிகள்: ஓர் உருவகப்படுத்தல்." பிழை பார்க்க என்னிடம் வந்த கட்டுரையின் தலைப்பு இது. எட்டிப் பார்த்த நண்பர் கேட்டார்: "இரும்புக் கம்பியா? துருப்பிடிக்காதா?" அவர்மேல் தப்பில்லை. இந்த 'இரும்புமின்' என் கண்ணில் படுவதும் இது முதல்முறை இல்லை.

'இரும்புமின்' என்பது ஃபெர்ரோஎலெக்ட்ரிக் என்பதன் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு. ஒரு பொருள் ஒரு பக்கம் நேர்மின்னும் மறுபக்கம் எதிர்மின்னுமாகத் தானே முனைவுற்று நிற்பதும், வெளி மின்புலத்தால் அந்த முனைவைத் திருப்ப முடிவதுமே இந்தப் பண்பு. பெயரில் உள்ள ஃபெர்ரம் லத்தீனில் இரும்புதான். ஆனால் 1920இல் ஜோசப் வாலசெக் இந்தப் பண்பைக் கண்டது ரோஷெல் உப்பு என்னும் படிகத்தில். அதில் இரும்பு மருந்துக்கும் கிடையாது. இரும்புக் காந்தத்தைப் போலவே, புலத்துக்குப் பின்தங்கி மாறுவதைக் காட்டும் தயக்கக் கண்ணியை (ஹிஸ்டெரிசிஸ் லூப்) வரைபடத்தில் வரைகிறதே என்று ஒப்புமையால் ஒட்டிய பெயர், அவ்வளவுதான்.

ஒப்புமையைக் காப்பாற்ற வேண்டாமா என்பார்கள். யாருக்காக? லத்தீன் தெரிந்தவனுக்கே குழப்பும் பெயரைத் தமிழில் ஏன் சுமக்க வேண்டும்? பிஸ்மத் ஃபெர்ரைட்டில் நிஜமாகவே இரும்பு உண்டு. அதை 'இரும்புள்ள இரும்புமின்பொருள்' என்றும், பேரியம் டைட்டனேட்டை 'இரும்பில்லாத இரும்புமின்பொருள்' என்றும் எழுதிப் பாருங்கள். 'அயமின்' என்பதும் இதே கதைதான்; அயம் என்றாலும் இரும்பு. 'தன்முனைவு' பரவாயில்லை, ஆனால் தானாக முனைவுறுவது டூர்மலின் என்ற கனிமத்துக்கும் உண்டு. அதன் முனைவைப் புலத்தால் திருப்ப முடியாது. இங்கே திருப்ப முடியும், வேறுபாடே அதில்தான். ஆகவே என் சொல் 'புரள்முனைவு'.

அந்தக் கட்டுரையிலேயே வைத்துப் பார்த்தேன். பேரியம் டைட்டனேட் கம்பியில் டைட்டேனியம் அயனி, ஆக்சிஜன் கூண்டின் நடுவிலிருந்து இம்மி விலகி நிற்கிறது. புலம் திரும்பினால் எதிர்ப்பக்கம் புரள்கிறது. அதிர்வெண் கூடக்கூட, புரண்டு முடிப்பதற்குள் புலம் மறுபடி திரும்பிவிடுகிறது. கண்ணி முதலில் தடித்து, பிறகு முழுதாகப் புரள முடியாமல் ஒடுங்குகிறது. கணினியில் அணுக்களை ஒரு ஃபெம்டோநொடிப் (நொடியைப் பத்துக் கோடி கோடியாகப் பிரித்ததில் ஒரு பங்கு) படிகளாக நகர்த்தினால், 1 கிகாஹெர்ட்ஸ் புலத்தின் ஒரே சுற்றுக்குப் பத்து லட்சம் படி கணக்குப் போட வேண்டும். இந்தப் பத்தி முழுக்கப் புரளுகிற கதை. இரும்புக்கு இங்கே என்ன வேலை?

'தயக்கம்' எவ்வளவு நல்ல சொல், பாருங்கள்! யாரோ பொருளைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார். இப்போது பலர் அகராதியைப் பார்த்தே வைக்கிறார்கள். சிமுலேஷனுக்கு வைத்த 'உருவகப்படுத்தல்' என்பதும் அப்படித்தான். முகத்தாமரை உருவகம், கணினியில் கம்பியைப் போலச்செய்து பார்ப்பது போலாக்கம்.

திருத்தி அனுப்பினேன். புரள்முனைவை ஏற்றுக்கொண்டார் கட்டுரையாசிரியர். உருவகப்படுத்தலை மட்டும் விட மாட்டேன் என்றுவிட்டார்.