ட்யூப் இருந்தாலும் விழுங்குவதை நிறுத்தாதீர்கள்

வாய், தொண்டைப் புற்றுநோய்க்கு ரேடியேஷன் எடுப்பவர்களின் வீட்டார் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "மூக்குல ட்யூப் இருக்கே, அது வழியா கஞ்சி போகுது. அப்புறம் ஏன் அவரை விழுங்கச் சொல்லிக் கஷ்டப்படுத்துறீங்க?" அன்பில் கேட்கிற கேள்வி. ஆனால் அந்த அன்பினாலேயே, நோய் குணமான பிறகும் ட்யூபை எடுக்க முடியாமல் தவிப்பவர்கள் உண்டு. விழுங்குதல் சிகிச்சையாளராக எனக்கு மிகவும் வேதனை தருவது அதுதான்.

ரேடியேஷன் பெரும்பாலும் ஆறு, ஏழு வாரம் நடக்கும். இரண்டு மூன்று வாரத்திலேயே வாய் புண்ணாகும், எச்சில் கெட்டியாகும், ருசி போய்விடும். வலிக்குப் பயந்து விழுங்குவதை நிறுத்தினால் நாக்கு, தொண்டைத் தசைகள் மெலியத் தொடங்கும். இன்னொரு பக்கம், கதிர் பட்ட இடம் உள்ளுக்குள் தழும்பேறி இறுகும். இந்த இறுக்கம் ரேடியேஷன் முடிந்ததோடு நிற்பதில்லை. சிலருக்குப் பல வருடம் கழித்துக்கூட விழுங்குவது சிரமமாகிறது.

ட்யூப் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எடை குறையாமலும் உடல் வறண்டுபோகாமலும் காப்பது அதுதான். ஆனால் ட்யூபில் உணவு போகும்போதும் எச்சிலை விழுங்க வேண்டும். சிகிச்சையாளர் அனுமதித்தால் சில ஸ்பூன் உணவையும் வாயால் சாப்பிட வேண்டும். வலி அதிகமென்றால் சாப்பாட்டுக்கும் பயிற்சிக்கும் முன்னால் வலி மருந்து எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். வலியைத் தாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை.

பயிற்சிகளை ரேடியேஷன் ஆரம்பிக்கும் முன்பே கற்றுக்கொள்வது நல்லது. வாய் புண்ணான பிறகு புதிதாக எதையும் பழகுவது கடினம். முழு பலத்தோடு அழுத்தி விழுங்குவது ஒரு பயிற்சி. விழுங்கும்போது மேலே ஏறும் குரல்வளையை இரண்டு மூன்று விநாடி அங்கேயே பிடித்து வைப்பது இன்னொன்று. நாக்கு நுனியைப் பற்களுக்கு நடுவே மெதுவாகப் பிடித்துக்கொண்டு எச்சிலை விழுங்குவது மற்றொன்று; இதை வாயில் உணவு இருக்கும்போது செய்யவே கூடாது. எது யாருக்குப் பொருந்தும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். பக்கத்து பெட்காரர் செய்வதைப் பார்த்துச் செய்யாதீர்கள்.

வாய் திறப்பதையும் கவனியுங்கள். தன் கையின் மூன்று விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாக முன்பற்களுக்கு இடையே வைக்க முடியவில்லையென்றால் தாடை இறுகுகிறது என்று அர்த்தம். அதற்கும் பயிற்சி உண்டு.

அடுத்து சாப்பாடு. "தண்ணிதானே, அது இறங்கிடும்" என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பலருக்கு அதுதான் ஆபத்து. தண்ணீர், காபி, மோர் எல்லாம் வேகமாக ஓடும். குரல்வளை மூடுவதற்குள் மூச்சுக்குழாய்க்குள் நுழைந்துவிடும். ரசம் சாதம் இன்னும் சிக்கல்: ரசம் முன்னால் ஓடிவிடும், சோறு பின்னால் தங்கும். வாய் வறண்டவர்களுக்கு இட்லி உதிர்ந்து ஒட்டிக்கொள்ளும். சாம்பாரில் ஊற வைத்தால் காரமும் புளிப்பும் புண்ணில் எரியும். கட்டியில்லாத கேழ்வரகுக் கூழ், குழைய மசித்து ஒரே பதமாக்கிய தயிர்சாதம் போன்றவை பலருக்கு எளிதாக இறங்கும். உங்களுக்கு எந்தப் பதம் பாதுகாப்பு என்பதைப் பரிசோதனை செய்துதான் சொல்ல முடியும்.

புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று தலையில் தட்டுகிறோம். ஆனால் கதிர் பட்ட தொண்டையில் உணர்ச்சி குறைந்துபோகலாம். உணவு நுரையீரலுக்குப் போனாலும் இருமலே வராமல் போகலாம். அதனால் இருமல் இல்லை என்பதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். சாப்பிட்டதும் குரல் கரகரவென்று ஈரமாக ஒலித்தாலோ, அடிக்கடி காய்ச்சலோ சளியோ வந்தாலோ, எடை இறங்கினாலோ உடனே வாருங்கள். மூக்கு வழியாகக் கேமரா விட்டோ, பேரியம் (எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும் பொருள்) கலந்த உணவை விழுங்குவதை எக்ஸ்ரேயில் பார்த்தோ என்ன நடக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். ட்யூபில் மட்டும் சாப்பிடுபவருக்கும் தினமும் வாயைச் சுத்தம் செய்யுங்கள்; அழுக்கு வாயின் எச்சில் நுரையீரலுக்குப் போனால் நிமோனியா வரலாம்.

ரேடியேஷனுக்குத் தேதி குறிக்கும்போதே, விழுங்குதல் சிகிச்சையாளரைப் பார்க்க வேண்டும் என்று டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். சிகிச்சை முடிந்து பல வருடம் ஆனவர்களும், தொண்டையில் ஏதோ நிற்கிறது என்று தோன்றினால் வரலாம்.