மாஸ்க் போட்ட பிறகும் ஏன் கண் சொக்குகிறது?

தூக்கத்தில் மூச்சு தடைபடும் ஸ்லீப் அப்னியா நோய்க்காக, மாஸ்க் வழியே காற்றை ஊதும் சிபாப் (CPAP) மெஷின் பெரியப்பாவுக்கு வந்து பதினெட்டாம் நாள். காலை 11 மணிக்கு அவருடைய மளிகைக் கடைக்குப் போனேன். கல்லாவில் உட்கார்ந்தபடியே, எடைபோட்டு வைத்த துவரம்பருப்புப் பொட்டலத்தின் மேல் கையை ஊன்றித் தூங்கிக்கொண்டிருந்தார். தோளைத் தொட்டதும் விழித்தவர் கேட்டார்: "ஏம்ப்பா, தினமும் இதை மூஞ்சில மாட்டிக்கிட்டுத்தான படுக்குறேன். மெஷின்ல நம்பர் 2ன்னு காட்டுது. அப்புறம் ஏன் இன்னும் கண்ணு சொக்குது?"

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. அதன்பிறகு படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். மூன்றாவது வாரத்தில் மனம் சலித்து மெஷினைப் பரண்மேல் ஏற்ற நினைப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் நல்லது.

தூங்கும்போது தொண்டைத் தசைகள் எல்லோருக்கும்தான் தளர்கின்றன. சிலருக்கு அந்தத் தளர்ச்சியில் நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிந்து வழியை மறித்துவிடும். நெஞ்சு ஏறி இறங்கும், ஆனால் காற்று உள்ளே போகாது. பத்து விநாடியாவது இப்படி நின்றால் அதை ஒரு தடையாகக் கணக்கில் எடுப்பார்கள். சிலருக்கு ஒரு நிமிடம்கூட நீளும். இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும், கரியமில வாயு ஏறும். மூளை பதறி ஒரு கணம் விழிக்க, தசைகள் இறுகி, பெரிய உறுமலோடு மூச்சு திரும்பும். சில விநாடி விழிப்பு என்பதால் காலையில் எதுவும் நினைவிருக்காது. பெரியப்பாவின் ஸ்லீப் ஸ்டடியில் (தூக்கத்தைக் கண்காணிக்கும் சோதனை), மூச்சு நிற்பதும் பெருமளவு குறைவதும் சேர்த்து மணிக்கு 46 முறை. 30ஐத் தொட்டாலே தீவிரம் என்பார்கள். 7 மணி நேரத் தூக்கத்தில் 322 தடைகள். "படுத்தா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவார்" என்று வீட்டில் இத்தனை வருடமாகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

இந்த மெஷின் நமக்காக மூச்சு விடுவதில்லை. தொண்டைக்குக் காற்றால் முட்டுக் கொடுக்கிறது, அவ்வளவுதான். காற்றிறங்கிய சைக்கிள் டியூப் சப்பென்று ஒட்டிக்கிடக்கும். கொஞ்சம் காற்றடித்தால் உருண்டு நிற்கும் இல்லையா, அப்படி. இதற்கு எவ்வளவு அழுத்தம் தேவை என்று பார்க்க ஒரு சொம்பு போதும். அதில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, அடிவரை ஸ்ட்ராவை விட்டு ஊதுங்கள். முதல் குமிழி கிளம்பும் இடத்தில் உங்கள் வாயில் இருக்கும் அழுத்தம்தான், மெஷினில் 10 என்று எழுதியிருப்பது. பெரும்பாலான மெஷின்கள் 4 முதல் 20 வரை தரும்.

இதைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் மருத்துவரான காலின் சல்லிவன். அதுவரை தீவிர நோயாளிகளுக்கு இருந்த உறுதியான வழி, கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைப்பதுதான். 1980 ஜூனில், அந்த அறுவைச் சிகிச்சைக்குத் தயங்கிய ஒரு நோயாளி சல்லிவனின் சோதனைக்குச் சம்மதித்தார். வாக்குவம் கிளீனரின் மோட்டாரை வைத்துச் செய்த ஊதுகருவி, அதிலிருந்து மூக்குக்கு ஒரு குழாய். அழுத்தத்தை ஏற்றியதும் தொண்டை திறந்தது. மனிதர் நேராகக் கனவுத் தூக்கத்துக்குள் விழுந்தார். காலையில் தெளிவாக எழுந்தார். மறு ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் ஐந்து நோயாளிகளின் விவரத்தோடு கட்டுரை வந்தது.

அற்புதமான கதைதான். ஆனால் இந்த முதல் ராத்திரிக் கதையே இன்றைக்குப் பலரைச் சோர்வடைய வைக்கிறது என்று நினைக்கிறேன். மெஷின் விற்பவர் முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை "நாளைக்கே புது ஆளாயிடுவீங்க" என்கிறார்கள். சிலருக்கு அப்படி நடக்கவும் செய்கிறது. மற்றவர்களுக்கு வாரங்கள், மாதங்கள் ஆகும்.

முதல் காரணம், பாக்கி வசூல். வருடக்கணக்கில் துண்டு துண்டாக வெட்டுப்பட்ட மூளை, தடையில்லாத இரவு கிடைத்ததும் ஆழ்ந்த தூக்கத்தையும் கனவுத் தூக்கத்தையும் வழக்கத்தைவிட அதிகமாக எடுத்துக்கொள்ளும். ஆரம்ப நாட்களில் கனவுகள் சினிமாவாக ஓடுவது இதனால்தான். ஆழ்ந்த தூக்கத்தின் நடுவில் அலாரம் அடித்தால் தலை கனத்து, அரை மணி நேரத்துக்கு எதுவும் புரியாது. முன்பு அவ்வளவு ஆழத்துக்குப் போனதே இல்லை என்பதால், இந்த மந்தம் புதிய நோயாகத் தெரியும்.

இரண்டாவது காரணத்தைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். மெஷின் காட்டும் அந்த 2 என்ற எண்ணுக்கு, மணிக்கு இரண்டே தடை என்று அர்த்தம். அது எதை அளக்கிறது? காற்று போய்வருவதை மட்டும். ஸ்லீப் ஸ்டடியில் தலையில் ஒயர் ஒட்டி மூளையின் மின்னலைகளைப் பார்த்தார்கள். வீட்டு மெஷினுக்கு அந்த வசதி கிடையாது. நீங்கள் தூங்குகிறீர்களா, கண்ணைத் திறந்துகொண்டு விட்டத்தைப் பார்க்கிறீர்களா என்று அதற்குத் தெரியாது. மாஸ்க் ஓரத்தில் காற்று கசிந்து கண்ணில் அடித்து எழுப்பினாலும், வாய் திறந்து தொண்டை காய்ந்து விழித்தாலும், காற்றை விழுங்கி வயிறு உப்பினாலும் எண் 2 ஆகவே இருக்கும். மூச்சடைப்பு எழுப்பிய இடத்தில் இப்போது மாஸ்க் எழுப்புகிறது.

இன்னொன்று: மாஸ்க் கழற்றிய நேரத்தை அந்த எண் கணக்கில் சேர்க்காது. பெரியப்பாவின் மெஷினை ஒரு டெக்னீஷியனிடம் கொண்டுபோய்க் காட்டியபோது, அவர் கம்ப்யூட்டரில் ஒரு படத்தைத் திறந்தார். ஒரு நாளுக்கு ஒரு பச்சைக் கோடு. எல்லாக் கோடும் இரவு 10.30 வாக்கில் தொடங்கி, 3 மணியை ஒட்டி நின்றிருந்தது. "3 மணிக்கு என்ன பண்றீங்க சார்?" பெரியப்பா தயங்கிச் சொன்னார்: "ஒண்ணுக்குப் போக எந்திரிப்பேன். அப்புறம் இருட்டுல எதுக்கு மாட்டிக்கிட்டுன்னு அப்படியே படுத்துருவேன்."

மாஸ்க் இல்லாத அந்தப் பின்னிரவுதான் மோசமான நேரம். கனவுத் தூக்கம் பெரும்பாலும் விடியலை ஒட்டி வருகிறது. அப்போது உடலின் தசைகள் ஏறக்குறைய முற்றிலும் தளர்ந்துவிடும். பலருக்குத் தடைகள் அதிகமாவதும் நீளமாவதும் அப்போதுதான். முன்னிரவில் சம்பாதித்ததைப் பின்னிரவில் தொலைத்துக்கொண்டிருந்தார். இரவில் சிறுநீர் கழிக்க எழுவதற்கே அப்னியா ஒரு காரணம் என்பதும் அன்றுதான் தெரிந்தது. அடைத்த தொண்டைக்கு எதிராக நெஞ்சு இழுக்கும்போது இதயத்தின் மேலறைகள் விரிகின்றன. உடம்பில் நீர் மிகுந்துவிட்டது என்று எண்ணி இதயம் ஒரு ஹார்மோனைச் சுரந்து சிறுநீரகத்தைத் தூண்டுகிறது.

மணிக்கணக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் ஆய்வு இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் டெரி வீவரும் குழுவினரும் 2007இல் வெளியிட்டது. தூக்கக்கலக்கத்தை நோயாளியே மதிப்பிடும் எப்வொர்த் வினாப்பட்டியலில், இரவுக்கு 4 மணி நேரம் வரை போடப்போட முன்னேற்றம் தெரிந்தது. பகலில் எவ்வளவு சீக்கிரம் தூங்கிவிடுகிறார் என்று ஆய்வகத்தில் அளந்தபோது அது 6 மணி நேரம். அன்றாட வேலைகளைச் செய்யும் திறனுக்கோ 7.5 மணி நேரம். "நாலு மணி நேரம் போட்டா போதும்" என்று பரவலாகச் சொல்லப்படுவது அமெரிக்கக் காப்பீட்டுக் கணக்குக்குப் பொருந்தும். கல்லாவில் விழித்திருக்கப் போதாது.

மூன்றாவது, மூளையின் காயம். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சிக்ரிட் வீசியின் குழு, தூங்கும் எலிகளுக்கு ஆக்சிஜனைக் குறைத்தும் கூட்டியும் வாரக்கணக்கில் கொடுத்துப் பார்த்தது. நம்மை விழித்திருக்க வைக்கும் நரம்பணுக்களே சேதமாகியிருந்தன. காற்று சீரான பிறகும் மந்தம் நீடித்தது. மனிதர்களைப் பற்றிக் கொஞ்சம் ஆறுதலான செய்தி இத்தாலியின் மிலானிலிருந்து 2014இல் வந்தது. தீவிர நோயாளிகளின் மூளையில் நரம்பு இழைகள் ஓடும் வெண்பகுதியில் 3 மாத சிகிச்சைக்குப் பிறகு சிறிய மாற்றமே தெரிந்தது. 12 மாதம் ஒழுங்காகப் போட்டவர்களுக்குச் சேதம் பெரும்பாலும் சரியாகியிருந்தது.

சிலருக்கு மெஷின் தொடங்கியதும் வேறுவகைத் தடை வரும். தொண்டை திறந்தே இருக்கும். கரியமில வாயு அதிகம் வெளியேறிவிடுவதால் மூச்சு விடச் சொல்லும் கட்டளையை மூளை சற்று நிறுத்திவைக்கும். பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் தானாகவே அடங்கிவிடும். எண் குறையாமல் நின்றால் டாக்டர் அதைப் பார்க்க வேண்டும்.

எண்ணும் சரி, நேரமும் சரி, மூன்று மாதமும் தாண்டியாயிற்று, இன்னும் தூக்கம் என்றால் வேறு இடத்தில் தேட வேண்டும். தைராய்டு, இரத்தசோகை, இரவில் கால் குடைச்சல், மன அழுத்தம். மாஸ்க்கால் மூக்கடைத்து, மெடிக்கலில் சளி மாத்திரை வாங்கிப் போடுபவர்களும் உண்டு. பழைய வகை அலர்ஜி மாத்திரைகள் மறுநாள் காலைவரை தூக்கத்தை இழுக்கும். எல்லாம் சரிபார்த்த பிறகும் தூக்கம் மிஞ்சும் ஒரு சிலருக்கு விழித்திருக்க உதவும் மொடாஃபினில் போன்ற மருந்தை டாக்டர் தரக்கூடும். கலக்கம் தெளியும்வரை வண்டி ஓட்டாதீர்கள், தயவுசெய்து.

டெக்னீஷியன் பெரியப்பாவுக்கு ஒரே ஒரு யோசனைதான் சொன்னார்: பாத்ரூம் போகும்போது மாஸ்க்கைக் கழற்ற வேண்டாம், குழாயை மட்டும் பிடுங்கிவிட்டுப் போய்வந்து செருகிக்கொள்ளுங்கள். இப்போது நான்காவது மாதம். கோடு 5.30 வரை ஓடுகிறது. எழுவதும் பல நாள் இல்லை. ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னும் ஒரு மணி நேரம் படுக்கிறார், மாஸ்க்கோடுதான். போன வாரம் கடையில் பழைய கடன் நோட்டை எடுத்து, இரண்டு வருடமாகக் கூட்டாமல் கிடந்த பக்கங்களை ஒரே மூச்சில் கூட்டி முடித்தார் என்று பெரியம்மா போனில் சொன்னார்.