வெளியே வீங்கிவிட்டால் உள்ளே பயமில்லையா?

"மூளைக்கு நல்ல ஊசி ஏதாவது இருந்தால் சொல்லுங்களேன், எப்படியாவது வாங்கிவிடுகிறோம்."

போன வாரம் நள்ளிரவில் வந்த அழைப்பு. வழுக்கி விழுந்து பக்கவாட்டு மண்டையில் அடி. எழுந்து உட்கார்ந்திருக்கிறார், விழுந்த கதையைச் சொல்லிச் சிரித்தும் இருக்கிறார். தலை வலிக்கிறது என்று படுத்தவரை 5 மணி நேரம் கழித்து எழுப்பினால் எழவில்லை. அடிபட்ட மூளையைக் காப்பது எப்படி என்பதுதான் என் ஆராய்ச்சி. அது தெரிந்தவர்கள் எல்லோரும் இப்படித்தான், நேரத்தைக் கைவிட்ட பிறகு அழைக்கிறார்கள்.

அடிபட்டவுடனே ஏன் காட்டவில்லை என்றேன். "நல்லா வீங்கியிருந்ததுங்க. வெளியே வீங்கிட்டா உள்ளே பயமில்லைன்னு சொன்னாங்க."

யார்தான் கிளப்பிவிட்டார்களோ இதை! வெளியே தெரியும் வீக்கம், தோலுக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே கசிந்த ரத்தம். நாங்கள் பயப்படும் ரத்தம் மண்டையோட்டுக்கு உள்ளே கசிவது. இரண்டுக்கும் நடுவில் எலும்பு நிற்கிறது. உள்ளே கசிந்தது அந்தப் புடைப்பு வழியாக வடிந்துவிடாது. புடைப்பு சொல்லும் ஒரே சேதி, அடி பலம் என்பதுதான். 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு நெற்றி தவிர்த்து வேறு இடத்தில் பெரிதாக வீங்கியிருந்தால், எலும்பு விரிசலோ என்று மருத்துவர்கள் கூடுதலாகச் சந்தேகப்படுவார்கள். நீங்களோ நிம்மதியாகிறீர்கள். "ரத்தம் வெளியே கொட்டிவிட்டது, நல்லதுதான்" என்பதும் இதே ரகம். கொட்டியது வேறு ரத்தம் ஐயா.

அடுத்தது, "நன்றாகப் பேசினாரே" என்பது. நெற்றிப்பொட்டுக்கு உள்பக்கம் எலும்பை ஒட்டி ஓடும் தமனி கிழிந்தால், ரத்தம் கட்டி மூளையை நெருக்கச் சில மணி நேரம்கூட ஆகலாம். அதுவரை பேச்சு தெளிவாகவே இருக்கலாம். நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் 2009-இல் பனிச்சறுக்குப் பயிற்சியில் விழுந்து, ஒன்றுமில்லை என்று முதலில் உதவியை மறுத்தார். 2 நாளில் இறந்துபோனார்.

அடியில் நசுங்கிய செல்களை யாராலும் மீட்க முடியாது. அவற்றைச் சுற்றி உயிருக்கு ஊசலாடும் செல்கள்தான் என் அக்கறை. நரம்பு செல்களைத் தூண்டும் குளுட்டமேட் என்ற ரசாயனம் கொட்டும், செல்லுக்குள் கால்சியம் பாயும், வீக்கம் ஏறும். மணிக்கணக்கில், நாள்கணக்கில் நடக்கும் இரண்டாம் கட்டச் சேதம் இது. உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள மூளை, ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும் உறுப்பு. காயம்பட்ட நிலையில் பற்றாக்குறையைத் தாங்காது. கடுமையான தலைக்காயத்தில் மேல் ரத்த அழுத்தம் ஒரே ஒரு தடவை 90-க்குக் கீழே போனாலும் இறப்பு ஏறக்குறைய இரு மடங்காகிறது என்று 1993-லேயே எழுதிவைத்துவிட்டார்கள்.

ஊசிக்கு வருகிறேன். ஆய்வுக்கூடத்தில் அடிபட்ட கால் மணி நேரத்தில் எலிக்கு மருந்து போய்விடும், எலி தேறும். மனிதரிடம் அதே மருந்து கவிழும். எங்கள் துறையின் பழைய சோகம் இது. ஸ்டீராய்டு கொடுத்தால் வீக்கம் வற்றும் என்று நம்பினோம். சுமார் 10,000 பேரிடம் சோதித்து 2004-இல் முடிவு வந்தபோது, மருந்து பெற்றவர்களில்தான் இறப்பு அதிகம். சிட்டிகோலின் என்ற மருந்து 2012-இல் பலனில்லை என்றானது. புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் 2014-இல், இரண்டு பெரிய சோதனைகளிலும் தோற்றது. டிரானெக்சாமிக் அமிலம் மட்டும் 2019-இல் கொஞ்சம் நம்பிக்கை தந்தது. அதுவும் காயம் மிகக் கடுமையாக இல்லாதவர்களுக்கு, 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால். அது ரத்தக்கசிவை மட்டுப்படுத்தும் மருந்து, செல்லைக் காப்பதல்ல. ஆக, இன்றைக்கு மூளையைக் காப்பவை தடையில்லாத மூச்சு, குறையாத ரத்த அழுத்தம், நேரத்தோடு எடுத்த சி.டி. ஸ்கேன், தேவைப்பட்டால் அறுவை. என் பிழைப்பையே குறைத்துச் சொல்கிறேன், என்ன செய்ய.

தலையில் பட்ட அடியெல்லாமே ஆபத்து என்றில்லை, பெரும்பாலானவை தானாகச் சரியாகும். ஆனால் தலைவலி ஏறிக்கொண்டே போனால், திரும்பத் திரும்ப வாந்தி வந்தால், பேச்சு குழறினால், கை கால் தளர்ந்தால், வலிப்பு வந்தால், ஒரு கண்ணின் பாவை மட்டும் விரிந்தால், மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிந்தால், கிளம்புங்கள். கூடிப் பேசாதீர்கள். தூக்கமே கெடுதல் என்று ராத்திரி முழுக்க உட்காரவைத்து வதைப்பதும் வேண்டாம். எழுப்பினால் எழுகிறாரா என்பதுதான் கேள்வி, எழாவிட்டால் அது தூக்கமல்ல. மயங்கிக் கிடப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குப் போகும். தூக்கும்போது கழுத்தைத் திருப்பாதீர்கள்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால், சின்ன அடிக்கும் காட்டிவிடுங்கள். வயதானவர்களைப் பற்றித் தயவாகவே கேட்கிறேன்: லேசாக இடித்துக்கொண்டு மூன்று வாரம் கழித்து நடை தள்ளாடினால், "வயசாச்சு" என்று தள்ளிவிடாதீர்கள். மெதுவாகச் சேர்ந்த ரத்தமாக இருக்கலாம், பெரும்பாலும் எடுத்துவிடக் கூடியதுதான்.

மருத்துவமனைக்குப் போகும் வழியில் எனக்கு அழைப்பதைவிட, ஒரு தாளில் எழுதுங்கள்: அடிபட்ட மணி, மயங்கினாரா, எத்தனை வாந்தி, என்னென்ன மாத்திரை. அங்கே முதலில் கேட்பது அதைத்தான்.